கடன் வாங்காமல் ஒரு கொண்டாட்டம்



முழு ஆண்டுத் தேர்வு முடியப்போகிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வீடுகளில் பிள்ளைகள் தீம் பார்க் பேச்சை எடுத்திருப்பார்கள். அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் ஆண்டு முழுக்க உழைக்கிற வீட்டில் அந்த ஆசை நியாயமானது. அதற்காக வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

டிக்கெட் விலையைக் கேட்டு மலைத்துப் போகிறோம். வேன் வாடகையை யோசிப்பதில்லை. வேனுக்குப் பதில் ரயிலில் போகலாம்; சென்னை–பெங்களூரு ரயில் பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத்தான் போகிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. 12 வயதுக்குள் என்றால் முன்பதிவில்லாத பெட்டியில் அரை டிக்கெட். குயின்ஸ்லேண்ட் தீம் பார்க்குக்கு ரயில்கூட வேண்டாம். பூந்தமல்லிக்கு முன்பே, செம்பரம்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் வேலூர்–சென்னை பஸ்ஸில் நடத்துநரிடம் சொல்லி இறங்கிக்கொள்ளலாம். மகளிர் இலவசப் பயணம் இந்த வெளியூர் பஸ்களுக்குக் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சனி, ஞாயிறில் பல பூங்காக்களில் கட்டணம் கூடுதல், கூட்டமும் அதிகம். வாரநாளில் போங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அப்பா, அம்மா இருவரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டால் மிச்சம் எங்கே? ஆண்டில் போதிய நாட்கள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு 1 நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. நம் பெண்களில் பலர் அதைக் கேட்கவே தயங்குகிறார்கள். அது உங்கள் உரிமை, கேளுங்கள்.

வொண்டர்லா தீம் பார்க்கில் 140 செ.மீ. உயரத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் கட்டணம் குறைவு. வீட்டுச் சுவரிலேயே அளந்து பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடை கேட்பார்கள். ஊரிலேயே வாங்கிக்கொண்டால் அங்கே கேட்ட விலை கொடுக்க வேண்டாம். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். புளிசோறு கட்டிப்போய், வாசலிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள்.

இதற்கும் கையில் காசு இல்லாத ஆண்டென்றால், ஏலகிரியில் புங்கனூர் ஏரிப் படகும், அமிர்தி உயிரியல் பூங்காவும் அருகிலேயே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அதுவும் கொண்டாட்டம்தான்.

இந்தக் கோடையில் போய்வந்ததும் எவ்வளவு செலவானது, எதில் மிச்சம் பிடித்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்து கிளம்பும் குடும்பத்துக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்