ஓட்டுநர் கண்ட முகம்

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், 2015-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், லாரி ஓட்டுநர் ஒருவர் நெடுஞ்சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி இளைப்பாறிக் கொண்டிருந்தார். சற்றுத் தொலைவில் பழைய வீட்டு வண்டி ஒன்று நின்றது. அதன் சாளரங்களைக் கரிய திரைகள் மூடியிருந்தன. திரையினூடே ஓர் இளம்பெண்ணின் முகம் தோன்றிற்று. யாரோ இழுத்தாற்போல் மறுகணமே மறைந்தது. ஓட்டுநர் காவல்துறைக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். காவலர் வந்து, அயோவா மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பெற்றுப் பட்டினியாலும் கொடுமையாலும் நலிந்திருந்த இருபது வயதுப் பெண்ணை மீட்டனர். அவளை அடைத்து வைத்திருந்த இருவரும் பின்னர் நீண்ட சிறைத் தண்டனை பெற்றனர்.

ஓட்டுநர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. கண்டதை உரியவரிடம் கூறினார், அவ்வளவே.

மனிதரை ஏமாற்றியோ அச்சுறுத்தியோ கொண்டுசென்று அவர்தம் உழைப்பையும் உடலையும் விற்கும் இவ்வாணிகம் காட்டில் மறைந்து நடப்பதன்று. சாலையிலும் விடுதியிலும் விமானத்திலும் பலர் கண்முன்னே நடைபெறுகின்றது. அவ்விடங்களில் அல்லும் பகலும் இருப்பவர் தொழிலாளரே. ஆதலின் அந்நாட்டில் 2009-இல் லாரி ஓட்டுநர்களைப் பயிற்றுவதற்கென ஓர் இயக்கம் தொடங்கப்பெற்றது. அடையாளங்களை விளக்கும் குறும்படமும், தொலைபேசி எண் அச்சிட்ட சிறு அட்டையும் அவர்களுக்கு அளிக்கப்பெற்றன. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பயிற்சி பெற்றுள்ளனர். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விமானப் பணியாளருக்கும் இத்தகைய பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

ஆயினும், பயிற்சி என்னும் பெயரால் வீண் ஐயத்தை வளர்த்தல் தகாது. 2021-இல், துக்கத்துக்குச் சென்று கொண்டிருந்த தாயொருத்தி, தன் மகளின் நிறம் தன் நிறத்தினின்று வேறுபட்டிருந்தமையால் ஐயுறப்பட்டாள். விமானத்தினின்று இறங்கியதும் காவலர் அவளை வினவினர். அத்தாய்க்கு நேர்ந்த அவமானம் சிறிதன்று. நிறமும் கந்தலாடையும் அயல்மொழியும் குற்றத்தின் அடையாளங்கள் ஆகா. ஒருவர் தம் சான்றுகளைப் பிறர் கையில் விட்டிருத்தல், அவரைக் கேட்ட கேள்விக்கு உடன்வந்தவரே விடையிறுத்தல், செல்லும் ஊரின் பெயர் தானும் அவர் அறியாமை ஆகியவையே நோக்கத்தக்கன. இவற்றுள்ளும் ஒன்று மட்டும் கொண்டு முடிவு செய்தல் பிழையாகும். முடிவு செய்வது காவலர் கடமை. தொழிலாளி சொல்ல வேண்டுவது தான் கண்டதை மட்டுமே.

இந்தியாவில் இரயில் நிலையச் சுமை தூக்குவோரும் தேநீர் விற்போரும் இப்பயிற்சிக்கு முற்றிலும் உரியவர். அழைப்பதற்கு எண்ணும் உண்டு. 1996-இல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவித் தொலைபேசியின் எண் 1098, இரவிலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.