வாங்குமுன் ஒரு வார்த்தை: கூடத்துக்கு வந்த பேட்மேன்

வாணலி, கிரைண்டர், குழந்தைக்கான நடைவண்டி என்று எதையெதையோ தட்டிப் பார்த்து இந்தப் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. இந்த முறை ஒரு சிலை. கோவில் சிலை அல்ல, கொலு பொம்மையும் அல்ல. அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகத்தில் வருகிற பேட்மேன்! "இது நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. வேலைக்குப் போகிற பிள்ளைகளும், ஏன், பிள்ளை பெற்ற அப்பாக்களுமே இன்று கையிலிருக்கும் பணத்தை இதில் போடுகிறார்கள். வாங்குவது அவர்களாக இருந்தாலும், வீட்டுக்கு வந்தபின் தூசி துடைக்கிறவர்கள் யார்?

சிங்கப்பூரில் என் தம்பி வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். அங்கே கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு தாழ்வான மர அலமாரியின் மேல் நிற்கிறார் இந்த பேட்மேன். தம்பி பிள்ளைக்கு 13 மாதம். எதைக் கண்டாலும் பிடித்து எழுந்து நிற்கிற பருவம். "இதை வித்துடச் சொல்லுங்க அண்ணி, ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல" என்கிறாள் தம்பி மனைவி. தம்பியோ, "வருஷம் போகப் போக விலை ஏறும் அக்கா, இது ஒரு முதலீடு" என்கிறான். போதாததற்கு இன்னொன்றுக்கு முன்பணமும் கட்டியிருக்கிறான். "நீதான் ஊருக்கெல்லாம் எழுதறியே, நீயே பார்த்துச் சொல்லு" என்று இரண்டு பேருமாகப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் இஞ்ச் டேப்பும் டார்ச்சுமாக உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தப் பொம்மையை முதலில் கீழே இறக்குடா" என்றேன். "பொம்மைன்னு சொல்லாதே அக்கா, சிலை" என்று அவனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. பொம்மை என்றால் கை காலை மடக்கலாம், விளையாடலாம். இது அசையாது. அட்டைப்பெட்டியிலேயே, இது விளையாட்டுச் சாமான் அல்ல, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்டிருக்கிறது. இந்த ஒரு வரியை வீட்டில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை!

பேட்மேன் பிறந்தது 1939-ல். பல காலம் பாப் கேன் என்ற ஓவியர் பெயர் மட்டும்தான் போட்டார்கள். முகமூடியும் முதுகில் தொங்கும் அங்கியும் இப்படி இப்படி இருக்கட்டும் என்று யோசனை சொல்லி, கதையும் எழுதிக் கொடுத்த பில் ஃபிங்கர் என்பவர் பெயர் இல்லாமலே 1974-ல் இறந்து போனார். 2015-ல்தான் அவர் பெயரையும் சேர்த்துப் போட ஆரம்பித்தார்களாம். சமைத்தது ஒருத்தி, பரிமாறிப் பேர் வாங்கினது ஒருத்தி என்பது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை போலிருக்கிறது.

சிலைக்கு வருவோம். கல்லும் இல்லை, மரமும் இல்லை. பாலிஸ்டோன் என்கிறார்கள். பாலியூரித்தேன் பிசினில் கல் பொடியைக் கலந்து, ரப்பர் போன்ற சிலிகோன் அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். அதனால் தொட்டால் பீங்கான் போல ஜில்லென்று இருக்கிறது, கனமும் உண்டு. பீங்கான் போலவே விழுந்தால் உடையும். கலிபோர்னியாவில் உள்ள சைட்ஷோ, டோக்கியோவில் உள்ள பிரைம் 1 ஸ்டூடியோ போன்ற கம்பெனிகள் இந்த மாதிரி சிலைகளுக்குப் பெயர் பெற்றவை. ஆள் உயரத்தில் கால் பங்கு என்பது ஒரு பிரபலமான அளவு. கதைப்படி பேட்மேன் 6 அடி 2 அங்குலம், அதாவது 188 சென்டிமீட்டர். கால் பங்கு 47. டேப் வைத்துப் பார்த்தேன், குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை சரியாக 47! காதும் பீடமும் தனி. எல்லாம் சேர்த்துக் குளியலறைத் தராசில் 8 கிலோ காட்டிற்று.

இன்னொரு அளவும் எடுத்தேன். மோவாயிலிருந்து உச்சி வரை ஒரு தலை என்று வைத்துக்கொண்டால், சாதாரண மனிதர்கள் சுமார் ஏழரைத் தலை உயரம்தான் இருப்பார்கள். வீரர்களை வரைகிறவர்கள் எட்டு, எட்டரை என்று நீட்டிவிடுவார்கள். இவர் எட்டரை. தலை சின்னதாக இருந்தால்தான் தோள் பெரிதாகத் தெரியும் என்பது சூட்சுமம். தலை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அதே உடம்பு மாறுவேஷப் போட்டிக்கு வந்த பையன் போலாகிவிடும். இதில் அந்தக் குறை இல்லை.

அடுத்து வர்ணம். கையால் பூசுவதால் ஒரே அச்சில் வந்த சிலைகளிலும் ஒன்று போல ஒன்று இருக்காது. முகமூடி முடிந்து தாடை ஆரம்பிக்கிற கோட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு வழிந்து தோலில் இறங்கியிருக்கிறதா, இரண்டு கண்ணும் ஒரே திசையில் பார்க்கின்றனவா, அக்குளிலும் தொடையின் உட்பக்கத்திலும் அச்சு சேர்ந்த கோடு தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். தம்பியின் சிலையில் கண் அருமை. மோவாயில் லேசான தாடி நிழல்கூடக் கொண்டுவந்திருக்கிறார்கள். இடது பூட்ஸ் பீடத்தில் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு தாள் நுழைகிற இடைவெளி. பூட்ஸுக்குள் இரும்புக் கம்பி இறங்கியிருப்பதால் ஆட்டம் இல்லை. கணுக்காலில் விரிசல் இருந்தாலோ சிலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ வாங்கவே கூடாது. அது நாளாக ஆகச் சாயும்.

இனி நமக்குத் தெரிந்த விஷயம், தையல்! முதுகில் தொங்கும் அங்கியை 'கேப்' என்கிறார்கள். சில சிலைகளில் அதையும் வார்ப்பாகவே செய்துவிடுவார்கள். இதில் நிஜத் துணி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளைக் காலாக்கலாம், நூலைக் காலாக்க முடியுமா? நமக்கு மெல்லிசாகத் தெரியும் துணி 47 சென்டிமீட்டர் ஆளுக்குக் கோணிச் சாக்கு மாதிரி விறைத்து நிற்கும். அதற்காகக் கரையில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்துவிடுகிறார்கள். வளைத்துவிட்டால் காற்றில் பறக்கிற மாதிரி நிற்கும். கீழ்க்கரை வௌவால் இறக்கை போல வளைவு வளைவாக இருக்கிறது. இந்த மாதிரி வளைவில் உள்மடிப்புத் துணிக்குச் சின்னச் சின்ன வெட்டுக் கொடுக்காமல் திருப்பினால் சுருங்கிக்கொள்ளும். ரவிக்கைக் கழுத்து தைத்தவர்களுக்குத் தெரியும். இங்கே ஒரு சுருக்கம் இல்லை. தையலை எண்ணினேன், அங்குலத்துக்கு 14. நான் ரவிக்கைக்கு 11-க்கு மேல் போட்டதில்லை. தைத்த அம்மாள் யாரோ, கை வேலைக்காரி!

ஆனால் மூன்றாவது வளைவின் முனையில் கம்பி துணியைப் பொத்துக்கொண்டு அரிசி அளவு வெளியே எட்டிப் பார்த்தது. தம்பி ஐந்து வருஷமாக அதைப் பார்க்கவே இல்லை! அவனுக்கு முகம்தான் கண்ணில் படுகிறது. அந்த முனை குழந்தையின் கண் உயரத்தில் இருப்பது எனக்குக் கண்ணில் பட்டது. இடுப்புப் பட்டை வார்ப்பாக இருப்பது நல்லது. ரெக்சின் மாதிரித் துணி போட்ட சிலைகள் சிங்கப்பூர் போன்ற ஈரப்பதமான ஊரில் சில வருஷங்களில் பழைய கைப்பை போலத் தோல் உரியும்.

பீடத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் எண் இருக்கும். மொத்தம் இத்தனைதான் செய்தோம், இது இத்தனையாவது என்று. கூடவே காமிக்ஸ் கம்பெனியின் உரிமை முத்திரை. இந்த இரண்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். அசல் சிலையிலிருந்தே அச்சு எடுத்துக் கள்ளப் பிரதி வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் பிரதி அசலைவிட ஒரு நூல் சிறுத்திருக்கும், விரல், காது போன்ற இடங்களில் கூர்மை மழுங்கியிருக்கும். விலை பாதி என்று யாராவது சொன்னால் இஞ்ச் டேப்பை எடுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். தம்பி கொடுத்தது 600 அமெரிக்க டாலர். அனுப்பும் செலவு தனி. "இப்போ 900-க்குப் போகுது அக்கா" என்று கம்ப்யூட்டரில் காட்டினான். "அது கேட்கிற விலைடா, விற்ற விலையைக் காட்டு" என்றேன். தேடிப் பார்த்தால் இதே சிலை கடைசியாகக் கைமாறியது 500-க்கும் 550-க்கும். அதிலும் கமிஷன் போகும். கனமான, உடையக்கூடிய சாமானாயிற்றே, அனுப்பும் கூலியும் கொஞ்சமா? ஏறுகிற சிலைகளும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதே பேட்மேனை மறுபடி இன்னும் அழகாக ஒரு கம்பெனி செய்துவிட்டால் பழையவர் இறங்கிவிடுவார். பேட்மேனையோ எல்லாரும் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். பிடித்து வாங்கினேன் என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். முதலீடு என்றால் போஸ்ட் ஆபீஸே மேல்.

ஒரு விஷயத்தில் தம்பிக்கு நூற்றுக்கு நூறு போடலாம். வந்த பெட்டியை, உள்ளிருந்த தெர்மாகோல் அச்சோடு அப்படியே வைத்திருக்கிறான். அது இல்லாவிட்டால் விலையும் குறையும், வீடு மாறும்போது சிலையைப் பத்திரமாகக் கொண்டுபோகவும் முடியாது. கட்டில் அடியில் இடத்தை அடைக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். தம்பி சிலைக்கு இரண்டு தலை உண்டு, ராவணன் தம்பி மாதிரி! ஒன்று இறுகிய முகம், ஒன்று பல்லைக் கடிக்கிற முகம். மாற்றி மாற்றி வைக்கலாம். கழுத்தில் ஒட்டிப் பிடிப்பது எது என்று பார்த்தால் காந்தம். பொத்தான் அளவுதான், ஆனால் என்ன இழுப்பு! கையிலும் இதே மாதிரி இரண்டு. ஒன்றின் பசை விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது.

இளம் தாய்மார்கள் இதை மறக்காமல் படியுங்கள். இந்த மாதிரி வலுவான காந்தம் ஒன்றுக்கு மேல் குழந்தை வயிற்றுக்குள் போனால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டே ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் குடல் சுவர் நசுங்கி ஓட்டை விழுந்துவிடும். முதலில் வெறும் வயிற்றுவலி, வாந்தி என்றுதான் தோன்றும். முழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வாழைப்பழம் கொடுத்து மறுநாள் வரை பார்ப்போம் என்று காத்திருப்பதும், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் கூடவே கூடாது. விளக்கு எரிகிற சிலைகளில் பொத்தான் பேட்டரி இருக்கும். அது இன்னும் அவசரம். தொண்டைக் குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே வெந்து புண்ணாக்கிவிடும்.

பாரத்தையும் யோசியுங்கள். 8 கிலோ, உயரமான உருவம், அகலமில்லாத பீடம், தாழ்ந்த அலமாரி. பிள்ளை அங்கியைப் பிடித்துத்தான் எழுந்திருப்பான்.

இதைச் சொன்னபோது தம்பி எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. அன்று மாலையே ஆளைக் கூப்பிட்டுச் சுவரில் துளை போட்டு, கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியைப் பின்பக்கம் இரும்புப் பட்டையால் இறுக்கினான். பூட்டு உண்டு, சாவி தம்பி மனைவியிடம். சிலை நடுத் தட்டில், ஜன்னல் வெயில் படாத பக்கம். வெயில் பட்டால் வர்ணம் வெளுக்கும். இரண்டாவது தலையும் கைகளும் டப்பாவில் போட்டு பீரோ லாக்கரில். விற்க வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. வேலைப்பாடு கொடுத்த காசுக்குத் தகும். தவிர, 500 டாலருக்காக அவன் முகத்தை ஒரு வருஷம் பார்க்க என்னால் ஆகாது.

இரண்டாவது சிலைக்கு என் ஓட்டு கிடையாது. கட்டிய முன்பணம் திரும்பாது, சிலை வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். "போன பணம் போகட்டும், மீதித் தவணையைக் கட்டாதே" என்றேன். தம்பி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகள் காப்பகத்தின் கட்டண ரசீதை மட்டும் எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு ரத்து செய்தான்.

சுத்தம் செய்வது பற்றி: ஈரத் துணி, கண்ணாடி துடைக்கும் திரவம் இரண்டும் வேண்டாம், வர்ணத்தின் மேல்பூச்சு போய்விடும். முகத்துக்குப் பவுடர் போடும் மெத்தென்ற பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும். அலமாரிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், அதையும் பிள்ளை கைக்கு எட்டாமல். வெளியே வந்த கம்பி முனையை மடக்கி உள்ளே தள்ளி, கறுப்பு நூலால் நான்கு தையல் போட்டுவிட்டேன். "அங்கிக்கு இஸ்திரி போடலாமா அண்ணி?" என்று கேட்டாள். வேண்டாம், செயற்கை இழைத் துணி, பளபளப்பு ஏறிவிடும், உள்ளே கம்பியும் இருக்கிறது. மடிப்பு விழுந்திருந்தால் விரலால் நீவி, கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் தானே இறங்கிவிடும்.