பேயாட்டத்திற்கு எவ்விதிநூல்?

மேசையைச் சூழ்ந்திருந்து பகடை உருட்டிப் பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் ஆட்டங்களுள், ஆடுவோரெல்லாம் பேய்களாகித் தம்முட் பொருதற்கு எவ்விதிநூலைக் கொள்வது? இளைஞர் பலர் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதையே நாடுவர். அது பொருந்தாதென்பது என் துணிபு. அதன் விதிகள் ஒரு குழுவினர் ஒன்றுபட்டு இடர் கடத்தற்கென வகுக்கப்பட்டவை. ஒருவன் காயத்தை மற்றவன் ஆற்றுவான். அக்குழுவைப் பகையாக்கின், முதல் ஆட்டத்திலேயே வலியான் மெலியானைக் கொன்றொழிப்பான். இறந்தவன் எஞ்சிய பொழுதெல்லாம் வாளாவிருப்பான். (1989இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு பேய் என்னும் பெயரையே நீக்கிற்று. பெயருக்கு அஞ்சுவோர் பேயை எங்ஙனம் ஆடுவர்!)

யான் தேர்வது 'இன் நோமினே'. 1989இற் பிரான்சிற் பிறந்த ஆட்டமொன்றைத் தழுவி, 1997இல் 'ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ்' நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. மூன்று பகடையும் ஆறு காட்டின் நரகம் கைகொடுக்கும். மூன்றும் ஒன்று காட்டின் வானகம் குறுக்கிடும். பூண்ட உடல் அழியினும் பேய் பெரும்பாலும் அழிவதில்லை. நரகிற்கு மீண்டு, சிலகாலம் கிடந்து, பின்னும் வரும். இவற்றினுஞ் சிறந்தது, பேயரசர் ஒவ்வொருவரும் ஒரு சொல்லை ஆள்வது: ஒருவனுக்குப் போர், ஒருவனுக்குக் காமம், ஒருவனுக்குக் கட்சிப்பிளவு. சிறுபேய்களும் தமக்கொரு சொல் வேண்டி முயலும். ஆகவே கொல்லாமலே வெல்லலாம். சூழ்ச்சியும் புறங்கூறலும் அரசனிடம் நற்பெயரெடுத்தலும் ஆட்டமேயாம். சொல்லுக்காகப் போரிடும் பேய்களைத் தமிழாசிரியன் எவ்வாறு வெறுப்பான்?

வென்றவன் யாவன் என்பதற்கு மட்டும் அந்நூலில் அளவில்லை. நடுவர் அதனை முதற் பகடை உருளுமுன்னரே அறிவித்துவிடல் வேண்டும்.