ஓங்கினது எது, ஒடுங்கினது எது?

உயிரியல் பாடப் புத்தகத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. இந்தச் சொற்கள்மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் நான். 'ஓங்கு' என்றதுமே உசத்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள்; 'ஒடுங்கு' என்றால் மட்டம். மேல், கீழ் என்றே பார்த்துப் பழகின சமூகத்தில் வேறென்ன தோணும்?

மெண்டல் கண்டது இது இல்லை. 1866இல் அச்சான அவருடைய கட்டுரையைப் பாருங்கள். உருண்டைப் பட்டாணியையும் சுருங்கின பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறை மொத்தமும் உருண்டை. அதற்கடுத்த தலைமுறையில் 7,324 விதைகள். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. ஒடுங்கிப் போச்சு என்று சொன்னது அழியவே இல்லை, முழுசாகத் திரும்பி வந்து நின்றது.

ஏன் அப்படி என்பது 1990இல் தெரிந்தது. மாவுச்சத்தைக் கிளைக்க வைக்கும் ஒரு நொதி சுருங்கின விதையில் வேலை செய்வதில்லை. சர்க்கரை தேங்குது, தண்ணீர் கூடுது, காய்ந்ததும் தோல் சுருங்குது. மரபணுவின் இரண்டு பிரதிகளில், தாய் வழியோ தகப்பன் வழியோ, ஒன்று வேலை செய்தாலே விதை உருண்டுவிடும். ஒரு அடுப்பு எரிஞ்சாலும் சோறு வேகும், அவ்வளவுதான் சங்கதி. இதில் யாரும் யாரையும் அடக்கவில்லை. ஓங்கினது பெருகும் என்பதும் பொய். ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகத்தான் இறங்குகிறது. அதுக்காக ஊரெல்லாம் ஆறு விரலா?

அரிவாள் செல் சோகையைப் பாருங்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பது 1952இலேயே பதிவானது. மாறின பிரதி ஒன்று மட்டும் இருந்தால் பொதுவாக நோய் வராது. அப்போது அது ஒடுங்கினது. அதே ஆளின் ரத்தத்தைச் சோதித்தால் இரண்டு வகை ஹீமோகுளோபினும் தெரியும். அப்போது இரண்டும் சமம். கடும் மலேரியாவிலிருந்து காக்க அந்த ஒரு பிரதியே போதும். அப்போது அது ஓங்கினது! ஒரே மரபணு வடிவத்துக்கு மூன்று தீர்ப்பு. ஓங்குவதும் ஒடுங்குவதும் அதன் பிறவிக் குணம் இல்லை, நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இது வெறும் சொல் சண்டை இல்லை தோழர்களே. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் பரிசோதித்து அட்டை தருகிறார்கள். பரிசோதனை வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விளக்காமல் கொடுக்கிற அட்டை, கல்யாணப் பேச்சில் ஒரு பெண்ணின் நெற்றியில் ஒட்டின முத்திரையாகிவிடும். "உன் ரத்தம் சரியில்ல" என்று சொல்ல இந்த நாட்டில் ஆளுக்கா பஞ்சம்?

தாய், தகப்பன் இருவரிடமும் ஆளுக்கொரு பிரதி இருந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததுக்கு வராது என்ற கணக்கும் இல்லை. பழியை அவள் தலையில் மட்டும் கட்ட அறிவியலில் இடமே கிடையாது. அட்டையோடு இதையும் அவரவர் மொழியில், உட்கார்ந்து பேசிச் சொல்ல வேண்டும். அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல், உயிரியல் படித்த மாணவர்கள் நாமே இதைத் தொடங்கலாம்.