நுரை பக்தி

சென்ற மாதம் பாகூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் கூட்டம் பேசிவிட்டு, இரவு ஒரு தோழர் வீட்டில் தங்கினோம். ஜாதகத்தையும் ராகுகாலத்தையும் பற்றி இரண்டு மணி நேரம் விளாசிவிட்டு வந்திருந்தோம். ஆனால் மறுநாள் காலையில் அவ்வீட்டில் நடந்த ஒரு விவாதத்தில் கலந்துகொள்ள நமக்கு யோக்கியதை இல்லாமற் போய்விட்டது. விவாதம் கடவுளைப் பற்றியதல்ல. துணி துவைக்கும் தூளைப் பற்றியது.

தோழரின் மகள் காலேஜில் படிக்கின்ற பெண். இனிமேல் வீட்டிற்குச் சலவைத் தூள், பினாயில், கழிவறை ஆசிட் ஆகியவைகளை வாங்குவதில்லையென்றும், தண்ணீரைக் கெடுக்காத பொருள்களுக்குக் குடும்பமே மாறவேண்டுமென்றும் அப்பெண் வாதாடினார். தோழரின் தாயாரோ, "எங்க காலத்திலே இதெல்லாம் ஏது? சாணமும் கோமியமும்தான். எந்த வியாதி வந்தது?" என்றார். பேரன், "நுரை வராவிட்டால் அழுக்கு எப்படி ஆயா போகும்?" என்று கேட்டான். தோழர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நீங்களெல்லாம் ஒரு முடிவுக்கு வாருங்கள், வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்றார். அதுவரை பேசாமலிருந்த அவரது துணைவியார் இரண்டு கைகளையும் நம் முன் நீட்டினார். விரல் நுனிகளெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, சில இடங்களில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "எதுக்கு மாறினாலும் தேய்க்கப் போறது நான்தானே அண்ணே!" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை எழுத நேர்ந்தது.

முதலாவதாக, தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கவனிப்போம். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களைச் சேர்ந்த அனேக கிராமங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தெருவோரச் சாக்கடையில் விழுந்து, குட்டைக்கோ வாய்க்காலுக்கோ ஏரிக்கோ போய்ச் சேருகின்றன. மிச்சம் பூமிக்குள் இறங்குகின்றது. அந்தப் பூமிக்குள்ளிருந்துதான் நாம் குழாய் போட்டுக் குடிதண்ணீர் எடுக்கிறோம். பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வந்து பாகூர் ஏரியை நிரப்புகின்ற தண்ணீரால்தான் இந்தப் பக்கத்து நெல் விளைகின்றது. வில்லியனூர்ப் பக்கமோ ஒருபுறம் சங்கராபரணி, மற்றொருபுறம் ஊசுட்டேரி. 2023-ல் திருக்காஞ்சியில் புஷ்கரணி விழாவென்று ஜனங்கள் திரள் திரளாய் வந்து சங்கராபரணியில் முழுக்குப் போட்டார்கள். பாவம் கரைந்ததா என்பதை முழுக்குப் போட்டவர்கள்தான் சொல்லவேண்டும். ஆனால் ஆற்றில் விடுகின்ற சோப்பு கரைகின்றதென்பதற்கு எந்தச் சாஸ்திரமும் வேண்டியதில்லை.

கண்ணுக்கு மறைந்தது ஒழிந்துபோயிற்று என்று நினைப்பது மோட்சத்தை நம்புவதற்குச் சமானமேயாகும். 2024 ஜூன் 11-ந் தேதி, புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் வழியிலுள்ள ரெட்டியார்பாளையத்தில், பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாக ஏறிய விஷவாயுவால் மூன்று பெண்கள் மாண்டார்களே, அதை மறந்துவிட முடியுமா? அதில் ஒருவர் 15 வயது மாணவி. அந்தச் சாவுக்குச் சலவைத் தூள் காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. கீழே தள்ளிவிட்டது மேலேயும் வரும் என்பதற்காக மாத்திரம் எடுத்துக் காட்டுகிறோம்.

இனி நுரைக்கு வருவோம். நுரை என்பது காற்று. அழுக்கைப் பிடிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் சரக்கேயொழிய மேலே பொங்கி நிற்கும் குமிழி அல்ல. முன்பக்கம் கதவு திறக்கும் சலவை யந்திரத்திற்கென்று விற்கிற தூளில் நுரை அதிகம் வராதபடி வேண்டுமென்றே மருந்து சேர்க்கிறார்கள். அப்படியிருந்தும் துணி வெளுக்கின்றதா இல்லையா? ஆனால் கையால் துவைப்பவர்களுக்கு விற்கிற தூளில் நுரை பொங்கப் பொங்கத்தான் வியாபாரம் நடக்கின்றது. அந்த நுரையை அலசுவதற்கு இன்னும் இரண்டு வாளி தண்ணீர் வேண்டும். அந்த இரண்டு வாளியையும் தூக்குவது யார்? கற்பூரம் எரிந்தால்தான் சாமி வந்தது என்பவனுக்கும், நுரை பொங்கினால்தான் அழுக்குப் போயிற்று என்பவனுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை. இந்த நுரை பக்தி நமக்கும் நேற்று வரையில் இருந்ததென்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

இதனால் சலவைத் தூளையே நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக யாரும் கருதவேண்டியதில்லை. முதல் மகாயுத்தத்தில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்து சவுக்காரம் காய்ச்ச வழியில்லாமல், 1916-ல் ஜெர்மனியில் ரசாயனத்தால் செய்த சலவைச் சரக்கு உண்டாயிற்று. நம் நாட்டிலோ 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் என்பவர் வீட்டிலேயே தூள் கலந்து சைக்கிளில் வைத்து மலிவாக விற்க ஆரம்பித்த பிறகே ஏழை வீடுகளிலும் தூள் நுழைந்தது. உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காமல் திரிந்து போகிற ஊர்களில் பெண்மக்களின் முதுகுக்கு அது செய்த உபகாரத்தை மறுப்பது நன்றியற்றதனமேயாகும்.

ஆனால் அதன் கெடுதியையும் உலகம் கண்ணால் பார்த்துவிட்டது. ஆரம்பத்தில் வந்த சரக்கை மண்ணிலும் நீரிலுமுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க முடியாததால், மேல்நாட்டு ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. ஜெர்மனி 1961-ல் சட்டம் செய்தது. அமெரிக்காவில் 1965-ல் சரக்கையே மாற்றினார்கள். அடுத்தபடியாக, தண்ணீரின் கடினத்தைப் போக்குவதற்காகச் சேர்த்த பாஸ்பேட் என்னும் உப்பு ஏரிகளில் பாசிக்கு உரமாய்ப் போயிற்று. பாசி மண்டி, செத்து, அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றது; மீன் மூச்சுத் திணறிச் சாகின்றது. 1973-ல் கனடா தேசத்தில் ஒரு சிறிய ஏரியின் நடுவே திரை கட்டி, இரண்டு பக்கமும் மற்ற சத்துக்களைப் போட்டு, ஒரு பக்கத்தில் மாத்திரம் பாஸ்பரஸையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பாதி பச்சையாய் மாறிற்று; மற்றப் பாதி தெளிவாயிருந்தது. இதுவல்லவா பிரத்தியட்சப் பிரமாணம்! ஐரோப்பிய யூனியன் 2013 முதல் வீட்டுச் சலவைத் தூளில் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்திவிட்டது. ஏரி கெடுவதற்கு வயல் உரமும் மலஜலமும் கூடக் காரணங்கள்தான். ஆனால் தூளின் பங்கைக் குறைப்பது நம் கையிலுள்ள காரியம்.

நிற்க, ஆயா சொன்ன கோமியத்தைப் பற்றிச் சிறிது பேசுவோம். அவர் வயதானவர், பழக்கத்தைச் சொன்னார். அவரைக் குறைகூற மாட்டோம். ஆனால் அரசாங்கங்களே இதைச் சொல்லும்போது என்ன செய்வது? 2021 ஜனவரியில் மத்தியப் பிரதேச அரசாங்கம் தன் ஆபீசுகளையெல்லாம் கோமியப் பினாயிலால் கழுவவேண்டுமென்று உத்தரவே போட்டது. நாம் கேட்கிறோம்: பசுவின் மூத்திரத்தில் உள்ள குணம் எருமையின் மூத்திரத்தில் ஏன் இல்லாமற் போயிற்று? இரண்டும் தின்பது ஒரே வைக்கோல், குடிப்பது ஒரே தொட்டித் தண்ணீர். மூத்திரத்தில் பெரும்பாகம் தண்ணீர். மிச்சம் யூரியாவும் உப்புகளும். சாணத்தைப் பொறுத்தவரை, மண் தரையாயிருந்த காலத்தில் புழுதியை இறுக்கிப் பிடிக்க அது உதவிற்று, அதில் அர்த்தமுண்டு. சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் எந்தப் புழுதியைப் பிடிக்கப்போகிறது? சாணத்தில் தனுர்வாதக் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் தொப்புளில் அதைத் தடவி எத்தனை குழந்தைகளைப் பறிகொடுத்தோம்!

"எங்கள் காலத்தில் எல்லாம் இயற்கை" என்பதிலும் ஒரு விஷயம் மறைந்து கிடக்கிறது. அந்தக் காலத்தில் ஊர்த் துணியை வெளுத்தது யார்? உவர்மண்ணை வாரி வந்து, வெள்ளாவி வைத்து, தீட்டுத் துணி முதற்கொண்டு தலையில் சுமந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அடித்தவர் வண்ணார். அவருக்கு ஊர் கொடுத்த கூலி என்ன? வீட்டு வாசலில் நின்று, ராத்திரிச் சோறு வாங்கவேண்டும். அழுக்கைப் போக்கினவர் தீண்டத்தகாதவர், அழுக்குப் பண்ணினவர் மேல்ஜாதி! அந்த இயற்கைக்குத் திரும்பிப்போக நாம் தயாரில்லை.

இனி அப்பெண்ணின் கட்சி. அது சரியான கட்சிதான். ஆனால் அதற்குள்ளும் பக்தி புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் ஊறவைத்து, ஆரம்பத்தில் அடிக்கடி மூடியைத் திறந்து வாயுவை வெளியே விடவேண்டும். வருவது ஒருவகைக் காடிதான். தரை துடைக்கவும், தொட்டி கழுவவும் நன்றாய் உதவும். ஆனால் இதன் பெயரால் உலாவுகின்ற கதைகளோ பயங்கரம்! இது ஆகாயத்திலுள்ள ஓசோன் ஓட்டையை அடைக்கிறதாம்! குளத்தில் ஊற்றினால் குளம் சுத்தமாகிவிடுகிறதாம்! கங்கா தீர்த்தத்தின் மகிமை எலுமிச்சைத் தோலுக்கு மாறியதைத் தவிர வேறு என்ன?

ஆப்பச் சோடாவையும் காடியையும் ஒன்றாய்க் கலந்து, பொங்குவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்று காரம், மற்றொன்று புளிப்பு. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு பெரும்பாலும் வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. இதுவும் நுரை பக்திதான். பூந்திக்கொட்டை நல்ல சரக்கு, நம் நாட்டு மரம், பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றது. ஆனால் அதிலுள்ள சாறு மீனுக்கு விஷம். இயற்கை என்பதாலேயே அதைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து அலசலாமென்று நினைப்பது தவறு.

பச்சை இலைப் படம் போட்ட புட்டியெல்லாம் யோக்கியமானதென்றும் நம்பவேண்டியதில்லை. விலையோ, கூலிக்காரன் வாங்கக் கூடியதல்ல. 1991-லேயே நம் அரசாங்கம் மண்பானை முத்திரையொன்றை ஏற்படுத்தி, சோப்பு முதலியவைகளுக்குப் பரீட்சை வைத்துக் கொடுப்பதாகச் சொல்லிற்று. 2024-ல் அதற்குப் புது விதிகளும் செய்தார்கள். பாகூர்க் கடைத்தெருவில் அந்த முத்திரையை நாம் தேடிப் பார்த்தோம். அகப்படவில்லை. நெற்றி விபூதி, கழுத்து உருத்திராக்கம் போல இலைப்படம் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பரீட்சையில் தேறுவதல்லவா கஷ்டம்!

ஆகவே காசு செலவில்லாத காரியத்திலிருந்து தொடங்கலாம். கைப்பிடியால் அள்ளிப் போடுகிற தூளை ஸ்பூனால் அளந்து பாதியாக்கிப் பார்ப்பது. துணியை முன்கூட்டியே ஊறப்போடுவது. பித்தளைக்குப் புளி, பாத்திரத்திற்குத் தேங்காய் நார். கழிவறையிலும் குழாயிலும் பிடிக்கிற உப்புக் கறைக்கு ஆசிட் வேண்டாம். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றிச் சற்று நேரம் விட்டால் இளகிவிடும். துவைத்த தண்ணீரைத் தெருவில் விடாமல் வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பலாம். காரத் தூளானால் மண் கெட்டுப்போகுமாதலால் ஒரே இடத்தில் ஓயாமல் விடலாகாது.

ஒரு எச்சரிக்கை. ப்ளீச்சிங் பவுடரை ஒரேயடியாக ஒழித்துவிட வேண்டுமென்று சொல்லுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, நமது அரசாங்கம் சுகாதார அவசர நிலை அறிவிக்க நேர்ந்ததே, அந்த மாதிரிச் சமயத்தில் கிருமியைக் கொல்ல குளோரின்தான் வேண்டும். எலுமிச்சைத் தோல் தண்ணீர் உதவாது. ஆனால் ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ, காடியையோ, இந்தத் தோல் தண்ணீரையோ எக்காரணத்தாலும் கலக்கக்கூடாது. கலந்தால் கிளம்புவது யுத்தகளத்தில் மனிதர்களைக் கொல்ல உபயோகித்த அதே விஷவாயு. ஜன்னலில்லாத சிறிய கழிவறையில் உட்கார்ந்து தேய்க்கிற பெண்ணுக்கு இதை யாரும் சொல்லுவதில்லை.

இவ்வளவையும் அன்றைக்கு அந்த வீட்டுத் திண்ணையில் வெகு விமரிசையாகப் பேசி முடித்தோம். அம்மையார் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "சரி அண்ணே, ஊறப்போடணும், நாரால தேய்க்கணும், தோலைச் சேர்த்து வைக்கணும், மூணு மாசம் மூடி திறந்து பார்க்கணும். இப்ப எனக்கு வேலை குறைஞ்சுதா, கூடிச்சா?" என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. தூளுக்குப் பதில் நார் என்றால், மிச்சப்படுகிற ரசாயனத்திற்குப் பதிலாகப் போவது அவருடைய கைத்தசை. குடும்பமே மாறுகிறது என்று பெருமையாகச் சொல்லி, தேய்க்கிற கையை மாத்திரம் மாற்றாமல் விட்டால், அது குடும்பம் மாறியதாகுமா? ஏரிக்காக ஒரு பெண்ணின் மேல் இன்னும் இரண்டு மணி நேர வேலையைச் சுமத்துவதற்குப் பெயர் சீர்திருத்தமா?

உடனே அங்கேயே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. வெடித்த கை ஆறும் வரையில் அம்மையார் தூளையும் ஆசிட்டையும் தொடுவதில்லை. கழிவறை தோழர் பொறுப்பு. பையன் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் அளந்த தூளில். தோல் பானை அப்பெண்ணுடையது. ஆயா மாத்திரம், ஆண்பிள்ளை கழிவறை கழுவுவதைப் பார்க்கும்படி ஆயிற்றே என்று அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தோழரும் முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவினாராம்.

நம் சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். இந்த நாற்பத்தைந்து வயது வரையில் நாம் வேட்டி துவைத்ததில்லை. பெண் விடுதலையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். எல்லா மேடைக்கும் யாரோ ஒரு பெண் துவைத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறோம். மூன்று வாரமாக நாமே துவைக்கிறோம். வெளுப்புக் குறைவாய்த்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர்க் கூட்டத்தில் ஒரு தோழர் நமது வேட்டியைப் பார்த்துவிட்டு, வீட்டில் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.