இரட்டைக்கிளவி அல்லர் இரட்டையர்

தமிழ் இலக்கணம் பயில்வோர் பலரும் தொடக்கத்தில் இடர்ப்படும் பகுதி ஒன்றுண்டு. இரட்டைக்கிளவிக்கும் அடுக்குத்தொடருக்கும் உள்ள வேறுபாடே அது. ‘சலசல’ என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. ‘வருக வருக’ என்பது அடுக்குத்தொடர். பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்து நின்று பொருள் தரும். இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவரும் நானே, வாழ்க்கையில் ஒருநாள் பிழை செய்தேன்.

என் வகுப்பில் இரட்டையர் இருவர் பயின்றனர். தேர்வில் மூத்தவன் முந்தினான், இளையவன் பின்தங்கினான். விடைத்தாளை அளிக்கையில், “உருவத்தில் ஒன்றாக இருக்கும் நீங்கள் மதிப்பெண்ணில் மட்டும் ஏன் வேறுபட்டீர்கள்?” என்று இளையவனைக் கேட்டேன். வகுப்பு நகைத்தது. அவன் தலைகவிழ்ந்து, “ஐயா, அவன் வேறு, நான் வேறு” என்றான்.

அம்மாணவன் கூறியதையே அறிவியலும் கூறுகிறது. கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து வளர்வதால் தோன்றுவோர் ஒருகரு இரட்டையர். இரு முட்டைகள் தனித்தனியே கருவுற்று வளர்வதால் தோன்றுவோர் இருகரு இரட்டையர். பின்னவர், ஒரே காலத்தில் கருவறையைப் பகிர்ந்துகொண்ட உடன்பிறப்புகளே ஆவர். அவர்களிடையே உள்ள மரபணு ஒற்றுமை, ஏனைய உடன்பிறப்புகளுக்கு உள்ளதைப் போல ஏறத்தாழப் பாதியே. அவர்களிடம் ஒரே முகத்தையும் ஒரே அறிவையும் எதிர்பார்ப்பது அறியாமையாகும்.

முன்னவரும் முற்றிலும் ஒருவரல்லர். கருவுற்ற முதல் 3 நாள்களுக்குள் பிரிவு நிகழின் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி அமையும். 4 முதல் 8 நாள்களுக்குள் நிகழின் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிற்பட்டால் பனிக்குடமும் ஒன்றே. சுமார் 13 நாள்களுக்குப் பின்னரோ, பிரிவு முற்றுப்பெறாமல் குழந்தைகள் ஒட்டிப் பிறக்க நேரும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்வோருள் ஒரு குழந்தைக்குக் குருதி மிகுதியாகவும் மற்றதற்குக் குறைவாகவும் செல்லக்கூடும். ஆகவே, பிறக்கும் முன்னரே அவர்கள் பெறும் ஊட்டம் வேறுபடலாம். ஒருகரு இரட்டையரின் விரல் ரேகைகளும் ஒன்றாக அமைவதில்லை.

நைஜீரியாவில் வாழும் யொருபா மக்களிடையே இரட்டைப் பேறு மிகுதி. முதலில் பிறக்கும் குழந்தையைத் தாய்வோ என்றும் அடுத்ததைக் கெஹிந்தே என்றும் அவர்கள் அழைப்பர். பின்னர்ப் பிறந்த கெஹிந்தேயே மூத்த பிள்ளை. உலகைக் கண்டுவருமாறு தாய்வோவை முன்னே அனுப்பியது அதுவே என்பது அவர்தம் மரபு. நம்மிடையே சில நிமிடம் முந்தியவன் அண்ணன். மூப்பே வழக்கத்தால் அமைவதெனில், அம்மூப்பைக் காட்டி ஒருவனைத் தாழ்த்துதல் எங்ஙனம் தகும்?

‘இரட்டையரிடையே உள்ள பாசம் தனித்தன்மையது, அவர்களைப் பிரித்து நோக்கலாமா?’ எனச் சிலர் வினவக்கூடும். பிரித்து வைக்குமாறு நான் கூறவில்லை. ‘வருக வருக’ என இணைந்து நிற்கையில்தான் வரவேற்பின் உவகை மிகுகிறது. ஆயினும் ஒவ்வொரு ‘வருக’வுக்கும் தனிப்பொருள் உண்டு. ஒரே நிற ஆடை உடுத்தி மகிழலாம்; ஓசை ஒத்த பெயர்களும் சூட்டலாம். ஆனால் ஒருவன் பெற்ற மதிப்பெண்ணை மற்றவனுக்கு அளவுகோலாக்குதல் ஆகாது. ஒருவனுக்குக் கணிதம் இனிக்கலாம். மற்றவனுக்குக் கவிதை இனிக்கலாம். இருவரையும் ‘இரட்டையர்’ என்று விளிக்காமல் அவரவர் பெயரால் அழைப்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் முதற்கடமை.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அவ்விளையவனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அடுத்த தேர்வில் அவனுடைய விடைத்தாளை, அவனுடைய முந்தைய விடைத்தாளோடு மட்டுமே ஒப்பிட்டேன். அவன் வளர்ந்திருந்தான்.