ராஜா வீட்டுத் தோட்டம்

சென்னையிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு ஆடிட்டுக்கு வந்த தம்பி, ரெண்டு நாள் லெட்ஜரைப் புரட்டிவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: "சார், உங்க திருநெல்வேலியில அல்வாவை விட்டா வேற என்ன இருக்கு?"

ஊர் மானப் பிரச்னை. "அரண்மனை இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"அரண்மனைன்னா... மைசூர் மாதிரியா?"

'மாதிரி' என்ற வார்த்தைக்கு எல்லையே கிடையாது என்ற தைரியத்தில், "ஆமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, ரெண்டு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு (வீட்டம்மா உத்தரவு) ஆட்டோ பிடித்து சிங்கம்பட்டி போனோம். 'சீமராஜா'வில் சிவகார்த்திகேயன் ராஜாவாக வருவாரே, அந்தப் பேர்தான். தம்பி வழியெல்லாம் செல்போனில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டே வந்தார்.

அரண்மனை இருந்தது. பழைய வாள்கள், பழைய போட்டோக்கள். ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நாமே மனசுக்குள் வெள்ளையடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய கம்பீரம். கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி, மூன்றரை வயசில் முடிசூட்டிக்கொண்டவர். அந்த வயசில் எனக்கு டவுசர் மாட்டிக்கொள்ளவே தெரியாது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ராஜ்ஜியம் போன பிறகும், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் உட்கார்ந்து ஜனங்களுக்குக் காட்சி கொடுப்பார். 2020 மே மாதம் காலமானார்.

தம்பிக்குத் திருப்தி இல்லை. "அதெல்லாம் சரி சார். மைசூர்னா பிருந்தாவனம் இருக்கணுமே? தோட்டம் எங்க?"

பக்கத்தில் நின்ற பெரியவர் மலையைக் காட்டினார். "அந்தா தெரியுதுல்லா தம்பி, அதான் தோட்டம்."

மாஞ்சோலை!

அது ஒரு பெரிய கதை. 1919-ல் சென்னையில், இளம் ஜமீன்தார்கள் படித்த நியூயிங்டன் பள்ளியின் முதல்வர் டி லா ஹே என்ற வெள்ளைக்காரரை, ராத்திரி தூக்கத்தில் யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகள் வழக்கில் மாட்டினார்கள். கேஸ் பம்பாய் ஐகோர்ட் வரை போனது. சிங்கம்பட்டிக்காரர் அப்ரூவர் ஆனார். கடம்பூர்க்காரர் விடுதலை ஆனார். வக்கீல் பீஸ் மட்டும் யாரையும் விடுதலை செய்யவில்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

1929-ல் பாம்பே பர்மா கம்பெனிக்கு 8,373 ஏக்கர், 99 வருஷத்துக்கு! என் வீட்டு ஓனர் பதினோரு மாசத்துக்கு மேல் அக்ரிமென்ட் போடுவதில்லை.

மணிமுத்தாறு ரோட்டில் டீ குடித்தோம். கடைக்காரர் மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவர். "எங்க ஆச்சி கொழுந்து கிள்ளுனா, அம்மா கிள்ளுனா, நானும் அங்கனதான் பொறந்தேன். லயன் வீடு" என்றார்.

"சிங்கம்பட்டி மலையில லயன் வீடா!" என்று தம்பி சிரித்தார்.

"லைன்தான் சார். வரிசையா கட்டின வீடு. அத லயன்னுதான் சொல்லுவோம். இப்ப லயனும் இல்ல, சிங்கமும் இல்ல. 2024-ல கம்பெனி எல்லாருக்கும் விருப்ப ஓய்வுன்னு பேப்பர் கொடுத்துட்டு."

"விருப்பம் யாரோடது?"

"அது பேப்பர்ல போடலியே சார்."

தம்பி சிரிக்கவில்லை. எனக்குக் கொக்கிரகுளம் ஞாபகம் வந்தது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்த, ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடினார்கள். 17 பேர் செத்துப்போனார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. அந்த ஆற்றுப் பாலத்தில்தான் தினமும் ஆபீஸுக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். லேட்டாகிவிட்டதே என்ற கவலையைத் தவிர வேறெதுவும் தோன்றியதில்லை.

2028-ல் குத்தகை முடிகிறது. சுற்றிலும் புலிகள் காப்பகம். காடு காடாகவேண்டும் என்பது நியாயம்தான். அந்த மலைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், நான் எப்படி வேண்டாம் என்பேன்?

திரும்பி வரும்போது தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பாதி வழி வந்ததும் ஆரம்பித்தார்.

"சார், கணக்குல ஒண்ணு இடிக்குது. ராஜாவுக்குக் குத்தகைப் பணம் வந்துடுச்சு. கம்பெனிக்கு லாபம் வந்துடுச்சு. புலிக்குக் காடு வரப்போவுது. மூணு தலைமுறையா கொழுந்து கிள்ளுனவங்களுக்கு எந்தப் பக்கத்துல என்ட்ரி?"

ரெண்டு நாளாக எங்கள் லெட்ஜரில் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஏதோ ஒரு சமாளிப்பு வைத்திருந்தேன். இதற்கு இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் டீக்குக் காசு கொடுக்கவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி சிங்கம்பட்டிப் பக்கம் போகிறேன். அரண்மனை பார்க்க அல்ல. அந்த பாக்கியையாவது தீர்த்துவிட்டு வரலாம் என்றுதான்.